‘கரையிற பிளேட்’ கரைவதில்லை: எலும்பைத் தாங்கிவிட்டு விலகும் பொருட்கள் பற்றி

கொழும்பில் எந்த எலும்பு முறிவுக் கிளினிக்கின் வாங்கிலும் கொஞ்ச நேரம் இருந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்: “இப்ப கரையிற பிளேட் வந்திருக்காம், போட்டால் பிறகு கழட்டத் தேவையில்லையாம்.” பக்கத்தில் இருப்பவர் “அது பிளாஸ்டிக்தானே, தாங்குமா?” என்பார். மூன்றாமவர் “கொஞ்ச நாளில அதுவே எலும்பாக மாறிடுமாம்” என்று முடித்துவைப்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் கரைவதும் இல்லை, எலும்பாக மாறுவதும் இல்லை. தாங்குமா என்ற கேள்விக்கு ‘எத்தனை கிழமைக்கு’ என்று கேட்காமல் பதில் சொல்லவும் முடியாது.

குழப்பத்தைக் கூட்ட ‘உக்கக்கூடியது’ என்ற சொல் வேறு. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டபோது அந்தச் சொல் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது. குப்பைக் குழியில் உக்குவது நுண்ணுயிர்களின் வேலை. முறிந்த எலும்பைச் சுற்றி நுண்ணுயிர் இருந்தால் அதற்குப் பெயர் உக்கல் அல்ல, கிருமித்தொற்று. உடம்புக்குள் இந்தப் பொருளை உடைப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீர். அது எப்படி நடக்கிறது என்பது பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

முட்டு வேறு, சாரம் வேறு

ஒரே பெயரில் பேசப்பட்டாலும் இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

வீட்டுக்குச் சிலாப் போடும்போது கீழே பலகை அடித்து முட்டுக் கொடுப்பார்கள். கொங்கிறீற் இறுகும்வரை பாரத்தைத் தாங்குவது முட்டு. அவசரப்பட்டு எடுத்தால் சிலாப் தொங்கிவிடும். முறிந்த எலும்பின் இரு பக்கங்களையும் அசையாமல் பிடித்துவைக்கும் பிளேட், ஸ்குரூ, ஊசி (மருந்தேற்றும் ஊசி அல்ல, எலும்பில் செருகும் மெல்லிய கோல்) எல்லாம் இந்த முட்டு வகை. எலும்பு அங்கே இருக்கிறது, முறிந்துதான் போயிருக்கிறது. அது ஒட்டும்வரை பிடித்தால் போதும்.

சாரம் வேறு. கட்டடத்தைச் சுற்றிக் கம்பு கட்டி, மேசன்மார் அதில் ஏறி நின்று சுவர் எழுப்புவார்களே, அது. (உடுக்கிற சாரம் அல்ல. நம் ஊரில் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.) விபத்திலோ கட்டியை வெட்டி எடுத்ததிலோ எலும்பில் ஒரு துண்டே இல்லாமல் போனால், பிடித்துவைத்து மட்டும் பயனில்லை. அந்த வெற்றிடத்தில் கலங்கள் ஏறி நின்று புதிதாக எலும்பு கட்ட ஒரு துளைத்துளையான சட்டம் வேண்டும். அதைத்தான் இத்துறையில் சாரம் என்கிறார்கள். மேசன்மார் நம் உடம்பின் கலங்கள். சாரம் சுவராக மாறாது. சுவர் எழ எழ அது கழன்று போகவேண்டும். ‘அதுவே எலும்பாக மாறிடுமாம்’ என்பதற்கு உண்மை வடிவம் இவ்வளவுதான்.

முட்டுக்கு வேண்டியது பலம். சாரத்துக்கு வேண்டியது துளை. துளை கூடினால் பலம் குறையும். ஆகவே ஒரே பொருளில் இரண்டையும் முழுதாகப் பெற முடியாது.

உலோகம் இருக்கும்போது இது எதற்கு?

பெரும்பாலான முறிவுகளுக்கு உலோகமே சரி. தொடையெலும்பு நடுவில் முறிந்தால் அதைப் பல்பகுதியத்தால், அதாவது ‘கரையிற பிளேட்’ செய்யும் பிளாஸ்டிக் வகைப் பொருளால், தாங்கவைக்க யாரும் முனைவதில்லை.

காரணம் விறைப்பு, அதாவது ஒரு பொருள் வளைய மறுக்கும் அளவு. இதை கிகாபாஸ்கல் என்ற அலகில் அளப்பார்கள். துருப்பிடிக்காத உருக்கு ஏறத்தாழ 200, டைட்டேனியம் கலப்புலோகம் 110 அளவில், நம் எலும்பின் கெட்டியான வெளிப்பகுதி 10 முதல் 20 வரை. இங்கே பேசப்படும் பல்பகுதியங்களோ பெரும்பாலும் 7க்குக் கீழேதான் நிற்கின்றன. உலோகம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பு, பல்பகுதியம் எலும்பிலும் குறைவு.

உலோகத்தின் விறைப்பே சில இடங்களில் வில்லங்கமாகிறது. எலும்பு சும்மா இருந்தால் மெலியும் உறுப்பு. பாரம் ஏறினால் தடிக்கும், பாரம் இல்லாவிட்டால் உடம்பு அதைக் கரைத்து எடுத்துவிடும். விறைப்பான பிளேட் பாரத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டால் அதன் கீழே இருக்கும் எலும்பு மெலிகிறது. கழற்ற வேண்டுமென்றால் இன்னொரு சத்திரசிகிச்சை, ஸ்குரூ இருந்த துளைகள் மூடும்வரை அந்த இடம் பலவீனம். குழந்தைகளின் மண்டையோட்டில் சிக்கல் இன்னும் கூட: உலோகத் தகடு அசையாமல் இருக்க, வளரும் மண்டையோடு அதற்கு மேலாகப் புது எலும்பைப் படியவிடும், தகடு மெல்ல மெல்ல உள்பக்கம் போய்விடும். அதனால்தான் கைக்குழந்தைகளின் மண்டையோட்டுச் சிகிச்சையில் தானாக மறையும் தகடுகள் உறுதியாக இடம்பிடித்தன. முழங்கால் தசைநார் மாற்றும்போது அதை எலும்புச் சுரங்கத்தில் நெருக்கிப் பிடிக்கும் ஸ்குரூ, கணுக்கால் எலும்பின் சிறு முறிவு, முகத்தெலும்பு, கைவிரல் எலும்பு: பாரம் குறைந்த இந்த இடங்கள்தான் இதன் களம்.

இடியப்பமும் கொத்தும்

பல்பகுதியம் என்பது ஒரே மாதிரிச் சிறு மூலக்கூறுகள் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியான பொருள். லஞ்ச் சீட்டும் பல்பகுதியம், பருத்தி நூலும் பல்பகுதியம். எலும்புச் சிகிச்சையில் அதிகம் வருபவை மூன்று: லக்டிக் அமிலத்தைக் கோத்த பொலிலக்டிக் அமிலம், கிளைக்கொலிக் அமிலத்தைக் கோத்த பொலிகிளைக்கொலிக் அமிலம், இவற்றைவிட மெதுவான பொலிகப்ரோலக்டோன். லக்டிக் அமிலம் வேறொன்றும் இல்லை, தயிர் புளிப்பதும் அதனால்தான். கடைசி இரண்டும் வழக்கமாகப் பெற்றோலிய வழி வருபவை. சோளத்திலிருந்து வரக்கூடியது முதலாவது மட்டும். அதுவும் உடம்புக்கு ஏற்றதாக இருப்பது அதன் கட்டமைப்பால், சோளத்தால் அல்ல.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு பிணைப்பது எசுத்தர்ப் பிணைப்பு. தண்ணீர் மூலக்கூறு ஒன்று வந்து அதில் புகுந்தால் பிணைப்பு அறுந்து இரண்டு முனைகள் உண்டாகும், அவற்றில் ஒன்று அமில முனை. தண்ணீரால் இப்படி அறுபடுவதற்குப் பெயர் நீர்ப்பகுப்பு. சீனி தேத்தண்ணியில் கரையும்போது சீனி மூலக்கூறு உடைவதில்லை, பிரிந்து பரவுகிறது, அவ்வளவுதான். இங்கே மூலக்கூறே வெட்டுப்படுகிறது. கரைதல் என்ற சொல் பிழை என்பது இதனால்தான்.

இந்த வெட்டு ஏன் முக்கியம்? ஒரு தட்டு இடியப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் முழுதும் சேர்ந்து வரும், இழைகள் நீளமாக ஒன்றோடொன்று சிக்கியிருப்பதால். அதையே கல்லில் போட்டு இரண்டு தகட்டால் கொத்தி இடியப்பக் கொத்து ஆக்கினால்? தராசில் அதே நிறை. தூக்கினால் உதிரும்.

பல்பகுதியத்திலும் அதேதான். 100,000 மூலக்கூற்றுத் திணிவுள்ள ஒரு பொலிலக்டிக் சங்கிலியில் சுமார் 1,400 கண்ணிகள் இருக்கும். நடுவில் ஒரே ஒரு வெட்டு விழுந்தால் சங்கிலியின் நீளம் பாதி. அதாவது 1,400இல் ஒரு பிணைப்பு போனதற்கே நீளம் பாதியாகிவிடுகிறது, நிறையில் ஒரு துளியும் குறையவில்லை. இப்படிச் சில வெட்டுகளோடு இழைகளின் சிக்கல் தளர்ந்து பலம் சரியத் தொடங்கும். கண்ணிகள் பத்துக்குள் வரும் அளவுக்குத் துண்டுகள் சிறுத்த பிறகுதான் அவை உடல்நீரில் கலந்து வெளியேறும், நிறையும் குறையும். மிஞ்சும் நுண்துகள்களை விழுங்குகலங்கள் அள்ளிக்கொள்ளும்.

வெளியேறும் லக்டிக் அமிலம் கலங்களுக்குள் எரிபொருளாகி, கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீருமாகிறது. ‘அமிலம் உடம்பைக் கெடுக்காதா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கிராம் ஸ்குரூ முழுதும் உடைந்தால் வருவது 1.25 கிராம் லக்டிக் அமிலம், அதுவும் ஆண்டுக்கணக்கில். வளர்ந்த ஒருவரின் உடம்பு சும்மா இருக்கும்போதே ஒரு நாளில் 100 கிராமுக்கு மேல் உண்டாக்கி, தானே செலவழித்தும் விடுகிறது. உடம்பு முழுவதற்கும் இது ஒரு பொருட்டே இல்லை. ஸ்குரூவைச் சுற்றியுள்ள சில மில்லிமீற்றருக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி, அதற்குப் பிறகு வருவோம்.

மூன்று மணிக்கூடுகள்

‘எத்தனை மாதத்தில் கரையும்?’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் சொன்னால் அந்தப் பதிலை நம்பவேண்டாம். ஓடுவது மூன்று மணிக்கூடுகள். முதலில் சங்கிலி நீளம் குறையும், இது உடம்பில் வைத்த அன்றே தொடங்கும். அடுத்தது பலம். கடைசியாக நிறை. நோயாளி கேட்பது பெரும்பாலும் கடைசி மணிக்கூட்டை, எலும்புக்கு வேண்டியதோ நடு மணிக்கூடு.

பொலிகிளைக்கொலிக் அமிலத்தை எடுங்கள். 4 முதல் 8 கிழமைக்குள் அதன் பலம் போய்விடும். ஆனால் பொருள் முழுதாக மறைய 6 முதல் 12 மாதம் ஆகும். லக்டிக் அமிலத்தின் இடக்கை வடிவத்தை மட்டும் கோத்த பொலிலக்டிக் அமிலம் பலத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும், மறைய 2 முதல் 5 ஆண்டு, சிலவேளை அதற்கும் மேல். (லக்டிக் அமிலம் இடக்கை, வலக்கை போல ஒன்றின் கண்ணாடி விம்பமாக மற்றது என இரு வடிவங்களில் உண்டு.) இரண்டு வடிவமும் கலந்து கோத்தால் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். பொலிகப்ரோலக்டோன் இரண்டு ஆண்டுக்கு மேல்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டு. கிளைக்கொலிக் கண்ணியில் இல்லாத ஒரு சிறு காபன் கிளை லக்டிக் கண்ணியில் இருக்கிறது, அது தண்ணீரைத் தள்ளிவிடும். இரண்டாவது, அடுக்கு. இடக்கை வடிவம் மட்டும் இருந்தால் சங்கிலிகள், இறுக்கமாக மடித்து அலுமாரியில் அடுக்கிய உடுப்புப்போல நெருங்கிப் படியும். தண்ணீர் உள்ளே போகச் சிரமம். இந்த ஒழுங்கான அடுக்குக்குப் பெயர் பளிங்குப் பகுதி. இரண்டு வடிவமும் கலந்தால் அடுக்க முடியாது, கூடையில் போட்ட அழுக்குடுப்பு மாதிரி. தண்ணீர் தாராளமாகப் போகும்.

லக்டிக்கையும் கிளைக்கொலிக்கையும் ஒரே சங்கிலியில் கோர்த்தால் வேகத்தை விரும்பியபடி அமைக்கலாம். ஆனால் கலவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் என்று நினைத்தால் ஏமாறுவோம். பாதிக்குப் பாதி கலந்தது 1 முதல் 2 மாதத்தில் உடைகிறது, தனித்தனியே இரண்டையும்விட வேகமாக. கலப்படத்தால் எந்த அடுக்கும் உருவாகாததுதான் காரணம். 85க்கு 15 என்றால் 5, 6 மாதம். குழந்தைகளின் மண்டையோட்டுத் தகடுகளில் புழங்கும் 82க்கு 18 கலவை எட்டுக் கிழமையில் சுமார் நூற்றுக்கு எழுபது பலத்தை வைத்திருந்து, ஓராண்டு அளவில் மறைகிறது. மண்டையோடு ஒட்ட எட்டுக் கிழமை போதும் என்பதால் அந்தக் கணக்கு பொருந்துகிறது.

இதுவரை: தண்ணீர் சங்கிலியை வெட்டுகிறது, முதலில் நீளம், பிறகு பலம், கடைசியில் நிறை போகிறது, எலும்பு தன் பாரத்தைத் தாங்கத் தொடங்கும் நாளுக்கு முன் பலம் போகக்கூடாது. அந்த எல்லை வளர்ந்தவரின் மணிக்கட்டு முறிவுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் அளவில், கணுக்காலுக்கு மேலுள்ள கீழ்க்கால் எலும்புக்கு மூன்று, நான்கு மாதம் அல்லது மேலும்.

தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்

சவர்க்காரம் தேயும்போது வெளியிலிருந்து மெலியும், கடைசித் துண்டுவரை உள்ளே கெட்டி. மாரி பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்தால் அப்படியில்லை. உருவம் மாறாது, உள்ளெல்லாம் ஊறிவிடும், தூக்கும்போது ‘பொத்’ என்று விழும். நாம் பேசும் மூன்று பல்பகுதியங்களும் பிஸ்கட் வகை. தண்ணீர் உடைக்கும் வேகத்தைவிடப் புகும் வேகம் அதிகம், ஆகவே முழுத் துண்டும் ஒரே நேரத்தில் பலமிழக்கிறது.

இன்னும் ஒரு வினோதம் உண்டு. பிணைப்பு அறும்போதெல்லாம் அமில முனை ஒன்று உண்டாகிறது என்றோமே, அமிலம் மேலும் பிணைப்புகள் அறுவதை வேகப்படுத்தும். மேற்பரப்புக்கு அருகில் உண்டான அமிலத்தை உடல்நீர் கழுவிச் செல்லும். நடுவில் உண்டானதற்கு வெளியேற வழியில்லை. ஆகவே தடித்த துண்டின் நடுப்பகுதி ஓரத்தைவிட வேகமாக உடைகிறது. வெளியே பார்க்க நல்ல மாம்பழம், கொட்டையைச் சுற்றி அழுகல். ‘கெட்டியாக வேண்டும், நீண்ட நாள் தாங்க வேண்டும்’ என்று தடிப்பைக் கூட்டினால் சிலவேளை நேர்மாறாக நடக்கும்.

அந்த வெளித்தோல் ஒருநாள் வெடித்தால் உள்ளே சேர்ந்த அமிலமும் துகளும் ஒரே வீச்சில் சுற்றுத் தசைக்குள் வரும். சிவந்து வீங்கும், சில வேளை தோலில் துளை விழுந்து நீர் வடியும். எடுத்துப் பரிசோதித்தால் கிருமி இருக்காது. உலகில் இதை முதலில் பெருமளவில் பார்த்தது பின்லாந்து. ஹெல்சிங்கியில் பென்டி ரொக்கனன் குழு 1984இல் கணுக்கால் முறிவுகளுக்கு இத்தகைய ஊசிகளைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்நகரின் 2,528 நோயாளிகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இப்படிச் சொன்னது: பொலிகிளைக்கொலிக் ஊசி வைத்தவர்களில் நூற்றுக்கு 5.3 பேருக்கு இந்தக் கிருமியற்ற வீக்கம், பொலிலக்டிக் வைத்தவர்களில் நூற்றுக்கு 0.2 மட்டும். முந்தியதில் சராசரியாக பதினொரு கிழமையில் வந்தது, பிந்தியதில் நாலு ஆண்டு தாண்டி.

அப்படியானால் மெதுவானதே நல்லது என்று முடிவுகட்டலாமா? நெதர்லாந்தின் குறோனிங்கனில் கன்னத்தெலும்பு முறிவுக்கு பளிங்குப் பகுதி மிகுந்த பொலிலக்டிக் தகடு வைத்தவர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் கழித்து வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். எலும்பு எப்போதோ ஒட்டியாயிற்று. சங்கிலியின் தளர்ந்த பகுதிகளைத் தண்ணீர் தின்றுவிட, அடுக்கான பளிங்குத் துகள்கள் மட்டும் எஞ்சியிருந்தன, ஐந்து ஆண்டுக்குப் பிறகும். வேகமானது அமிலத்தை மொத்தமாகக் கொட்டுகிறது. மிக மெதுவானது போகவே மாட்டேன் என்கிறது. இன்று சந்தையில் உள்ள கலவைகள் இந்த இரு பாடங்களுக்கும் நடுவே அமைந்தவை.

எலும்பிலுள்ள கனிமத்தை ஒத்த கல்சியம் பொசுபேற்றுத் தூளைப் பல்பகுதியத்தில் கலப்பது இன்னொரு வழி. அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும், விறைப்பைக் கூட்டும், எலும்புக் கலங்கள் ஒட்டிக்கொள்ள நல்ல பரப்பும் தரும். நிறையில் மூன்றிலொரு பங்கு தாண்டிப் போகப்போக பொருள் நொறுங்கத் தொடங்கும் என்பதால் அளவோடுதான்.

துளை இல்லாவிட்டால் சாரம் இல்லை

சாரத்துக்கு வருவோம். கலம் உயிரோடிருக்க ஒட்சிசன் வேண்டும், ஒட்சிசன் நுண்குருதிக்குழாயிலிருந்து 0.1 அல்லது 0.2 மில்லிமீற்றர் தூரத்துக்குத்தான் போய்ச்சேரும். ஆகவே சாரத்தின் துளைகளுக்குள் கலம் மட்டும் போனால் போதாது, குருதிக்குழாயும் பின்னால் போகவேண்டும். இதற்குத் துளையின் அகலம் குறைந்தது 0.1 மில்லிமீற்றர், நல்லது 0.3க்கு மேல். தலைமயிர் ஒன்றின் தடிப்பு 0.07 அளவில் என்பதை வைத்து ஒப்பிடுங்கள். அகலத்தைவிட முக்கியம் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பது. வாசல் இல்லாத அறை எவ்வளவு பெரிதானாலும் யாரும் குடிபோக முடியாது.

பழைய செய்முறை சமையலறைக்குப் பக்கத்தில் வரும். பல்பகுதியத்தைக் குளோரோஃபோமில் கரைத்து (இங்கே கரைதல் சரியான சொல்), 0.3 முதல் 0.5 மில்லிமீற்றருக்குச் சலித்தெடுத்த உப்பை மொத்த நிறையில் நூற்றுக்கு 70 முதல் 90 வரை சேர்த்து அச்சில் ஊற்றுவார்கள். குளோரோஃபோம் ஆவியான பின் கட்டியைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்றுவார்கள். உப்பிருந்த இடமெல்லாம் துளை. உப்பு குறைந்தால் மணிகள் ஒன்றையொன்று தொடாது, நடுவில் உள்ள உப்பு சிறைப்பட்டுவிடும். குளோரோஃபோம் மிச்சமிருந்தால் கலங்களைக் கொல்லும். கட்டி சில மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் இரண்டு குறையும் சேர்ந்து வரும்.

இப்போது முப்பரிமாண அச்சு. இடியப்ப உரல்தான், இயந்திரம் பிழிகிறது. 60 பாகை அளவில் உருகும் பொலிகப்ரோலக்டோனைச் சூடாக்கி 0.3 மில்லிமீற்றர் இழையாகப் பிழிந்து, ஒரு படை நெடுக்கு, அடுத்த படை குறுக்கு என அடுக்கினால் ஒவ்வொரு துளையும் அடுத்ததற்குத் திறந்திருக்கும். சிங்கப்பூரில் உருவான இத்தகைய சாரங்கள், மண்டையோட்டில் சத்திரசிகிச்சைக்காகத் துளைத்த ஓட்டைகளை மூட 2006 முதல் அனுமதி பெற்றுப் பயன்பட்டு வருகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. பொழுதுபோக்கு அச்சு இயந்திரங்களுக்கு விற்கும் பொலிலக்டிக் இழையும் ‘அதே பொருள்’ என்பதால் அதில் எலும்புத் துண்டு அச்சிட்டு வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த இழையில் சாயமும் வேறு சேர்மானங்களும் இருக்கும், தயாரிப்பில் பயன்பட்ட தகரச் சேர்வையின் எச்சம் எவ்வளவு என்று யாரும் அளந்திருக்கமாட்டார்கள், இரு வடிவங்களும் எந்த விகிதம் என்பதும் தெரியாது. சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் கையில் பிடித்துப் பார்க்கும் மாதிரி எலும்பு செய்ய அது அருமையான பொருள். உடம்புக்குள் வைக்க அல்ல.

துளை சரியாக இருந்தால் மட்டும் எலும்பு வளர்ந்துவிடுமா? சிறிய வெற்றிடத்தில் வளரும். பெரிய வெற்றிடத்தில் கலங்களுக்கு ‘இங்கே எலும்பு கட்டு’ என்று கட்டளையிடும் புரதமும் வேண்டும். அப்படியொன்று உண்டு என்பதை அமெரிக்க எலும்பு வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டினார்: கனிமம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது, தசைக்குள்ளேயே எலும்பு உண்டானது. இன்றும் பெரிய இடைவெளிகளுக்கு நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைப்பதே முதல் தெரிவாக இருக்கக் காரணம் அதில் சட்டம், கட்டளை, கலம் மூன்றும் ஒன்றாக இருப்பதுதான். வெறும் சாரத்தில் இருப்பது சட்டம் மட்டும். அதுவும் நூற்றுக்கு எழுபது துளை என்றால் பாரம் தாங்காது, பக்கத்தில் ஒரு உலோக முட்டு இருக்கவே வேண்டும்.

தியேட்டருக்குள் பிழைப்பது எங்கே

தண்ணீர்தான் உடைக்கிறது என்றால் கொழும்புக் காற்றும் உடைக்கும். ஆண்டு முழுதும் 27, 28 பாகை, எப்போதும் ஈரம். அதனால்தான் இவை ஈரமுறிஞ்சியோடு அலுமினியத் தாள் பொட்டலத்தில் வருகின்றன, பெரும்பாலும் 25 பாகைக்கு மேல் வைக்கக்கூடாது என்ற குறிப்போடு. களஞ்சியத்தில் இரவில் குளிரூட்டியை அணைப்பது பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் பாதகமில்லை, இதற்குப் பாதகம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே பொட்டலத்தைப் பிரித்தால், சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல உள்ளே இருப்பதன் மேல் நீர் படியும். அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரிக்கவேண்டும். பிரித்துப் பயன்படுத்தாமல் விட்டதை மீண்டும் கிருமிநீக்கி வைக்கவும் முடியாது. நீராவி அடுப்பின் 121 பாகையில் உருவம் கெடும், சங்கிலியும் அறும். தயாரிப்பாளர் எதிலீன் ஒட்சைட்டு வாயுவோ அளந்த கதிர்வீச்சோ கொடுத்திருப்பார், கதிர்வீச்சுகூட சங்கிலியைக் கொஞ்சம் வெட்டத்தான் செய்கிறது.

உலோக ஸ்குரூவுக்குப் பழகிய கைக்குப் பல்பகுதிய ஸ்குரூ முதல் நாளில் முறியும். உலோகம் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு எலும்பில் ஏறும், இது ஏறாது. துளையிட்டு, மரை வெட்டும் கருவியால் துளைக்குள் மரை வெட்டி, துகளைக் கழுவி, பிறகு விரல் பலத்தால் மெல்லத் திருகவேண்டும். இறுகிய உணர்வு வந்தபின் இன்னொரு கால் சுற்று என்று திருகினால் தலை கையோடு வரும். மீதி உள்ளே நின்றாலும் கலவரப்படத் தேவையில்லை, அதற்குள்ளேயே புதிதாகத் துளையிடலாம். உலோகத்தில் அந்தச் சலுகை இல்லை.

தகட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைக்கக் குறட்டால் முறுக்கினால் வெண்கோடு விழுந்து முறியும். சூடாக்க வேண்டும். பொலிலக்டிக் வகைகள் 60 பாகையை அண்டியதும் கண்ணாடித்தன்மை நீங்கி ரப்பர்போல இளகும். தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் சில விநாடி நீர்த்தொட்டியில் வைத்து, வளைத்து, ஆறும்வரை பிடித்தால் உருவம் நிற்கும். உடல் 37 பாகைதான், உள்ளே இளகாது. திரும்பத் திரும்பச் சூடாக்கி வளைப்பது மட்டும் கூடாது.

எக்ஸ்ரேயில் தெரியாத பிளேட்

கனிமத்தூள் கலக்காத பல்பகுதியம் எக்ஸ்ரேயில் தெரியாது. ஸ்குரூ போட்ட துளை மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். ‘பிளேட் கரைஞ்சு போச்சு, படத்தில காணேல்ல’ என்று அடுத்த கிழமையே சந்தோஷப்படுபவர்கள் உண்டு. படத்தில் முதல் நாளும் அது இருந்திருக்காது. எலும்பு ஒட்டுகிறதா என்பதைத் தடையில்லாமல் பார்க்க முடிவது வைத்தியருக்கு வசதி. உள்ளே ஸ்குரூ முறிந்திருந்தால் தெரியாமல் போவது வசதிக்குறைவு. எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையும் இல்லை. பொருள் முழுதாக மறைந்த பின்பும் அந்தத் துளையில் எலும்பு உடனே நிரம்பாது. முழங்கால் ஸ்குரூ இருந்த சுரங்கம் பல ஆண்டுகளுக்கு வெறுமையாகவோ நார்த்திசுவோடோ கிடக்கலாம், அது நோய் அல்ல.

சத்திரசிகிச்சைக்கு முன் கேட்கத் தகுந்தது ‘எப்ப கரையும்?’ அல்ல. “டொக்டர், இதன் பலம் எத்தனை கிழமைக்கு நிற்கும், நான் எப்ப இருந்து காலில் பாரம் வைக்கலாம்?” என்பதே. பல்பகுதிய முட்டு வைத்தவருக்கு பிளாஸ்டர் சிலவேளை கூடுதலாகப் போடுவார்கள். ‘பிளேட் இருக்கே, பிளாஸ்டர் எதுக்கு’ என்று மூன்றாம் கிழமையே வெட்டி எடுத்துவிடக்கூடாது.

பிறகு ஒரு காகித விஷயம். வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் என்ன பொருள், எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் எழுதித்தரக் கேளுங்கள். மூன்று ஆண்டு கழித்து அந்த இடம் சிவந்து வீங்கினால், காய்ச்சல் இல்லாமல் நீர் வடிந்தால், நீங்கள் போகும் வைத்தியசாலை வேறாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. உள்ளே பொலிலக்டிக் துண்டு இருந்தது என்று தெரியாத வைத்தியர் அதைக் கிருமித்தொற்றாகவோ எலும்புக் காசநோயாகவோ நினைத்து மருந்து தொடங்க நியாயமுண்டு. கார்டின் அந்த ஒரு வரி மருத்துவரை நேராகச் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். மழையில் நனைந்த கார்டில் முதலில் அழிவதும் பேனையால் எழுதிய அந்த வரிதான் என்பதால், போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.